பதினேழாம் சிஸ்டம்: சேலத்துக் கல்லூரி லேப் ஒன்றில் நடந்த விசாரணை

சேலம் நகரை ஒட்டிய ஒரு கலை அறிவியல் கல்லூரியின் கணினி லேபில், இறுதியாண்டு மாணவர்களின் புராஜெக்ட் ஃபோல்டர் ஒன்று அழிந்துபோனது. அதற்காக, கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி ஒரு மாதம் லேபுக்குள் வரக்கூடாது என்று நிறுத்தப்பட்டார். ஏற்காட்டின் மலைக்கிராமம் ஒன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் இறங்கி வந்து படிப்பவர் அவர். அதை அவர் செய்யவில்லை என்பது பிறகு தெளிவானது. செய்தது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை.

மாணவியின் டியூட்டர் மறுவிசாரணை கேட்டு எழுதிக் கொடுத்தார். கல்லூரி லேப்களைப் பராமரித்த அனுபவம் எனக்கு உண்டு என்பதால், வெளியாளாக என்னையும் அதில் உட்காரச் சொன்னார்கள். கல்லூரியையும் ஆட்களையும் அடையாளம் காட்டும் விவரங்களை இங்கே விட்டுவிட்டேன்; மற்றதெல்லாம் விசாரணையில் வந்தபடியே. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மாணவருக்கும் தனி லாகின் கொடுக்காத லேபில், எந்த மாணவர் மீதும் நியாயமாகப் பொறுப்பு சுமத்த முடியாது. தனி லாகின்தான் லேபில் மாணவரின் முதல் உரிமை. மற்ற உரிமைகளும் கடமைகளும் அதற்குப் பிறகே வருகின்றன.

லேப் இருந்த நிலை

நாற்பது சிஸ்டம். எல்லாவற்றுக்கும் ஒரே யூசர்நேம், ஒரே பாஸ்வேர்டு. அது போர்டின் மூலையில் எழுதியே இருக்கும், யாரும் அழிக்க மாட்டார்கள். வாசலில் ஒரு நீள நோட்டு: பெயர், பதிவு எண், சிஸ்டம் எண், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், கையெழுத்து. கல்லூரி லேபுக்குள் போய்வந்த யாருக்கும் அந்த நோட்டு எப்படி நிரம்பும் என்று தெரியும். முதல் ஆள் எழுதிய நேரத்தையே கீழே இருப்பவர்கள் வரிசையாக எழுதுவார்கள். வெளியே போகும் நேரத்தை உள்ளே வரும்போதே சேர்த்து எழுதிவிடுவார்கள். "எனக்கும் சேத்துப் போட்டுரு" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

சர்வர் என்று அவர்கள் சொன்னது, லேப் அசிஸ்டென்ட் மேசையில் இருந்த சாதாரண கம்ப்யூட்டர்தான். அதன் டி டிரைவை நெட்வொர்க்கில் பகிர்ந்திருந்தார்கள். அனுமதி 'எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்'. அதாவது லேபில் எந்த சிஸ்டத்தில் உட்கார்ந்த யாரும், எந்தத் துறையின் எந்த ஃபோல்டரையும் திறக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். யார் எதை அழித்தார்கள் என்று பதியும் ஆடிட் வசதி விண்டோஸில் இருக்கிறது. ஆனால் நாமாகப் போய் அதைப் போட்டு வைக்க வேண்டும். இங்கே போடவில்லை.

இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரிவதில்லை. நம் சிஸ்டத்திலேயே இருக்கும் ஃபைலை அழித்தால் ரீசைக்கிள் பின்னுக்குப் போகும். நெட்வொர்க் வழியாக இன்னொரு கம்ப்யூட்டரில் இருப்பதை அழித்தால் அங்கே போகாது, நேராகப் போய்விடும். இறுதியாண்டு அணி தன் ஆறு வார வேலையின் ஒரே முழுப் பிரதியை அந்த டி டிரைவில்தான் வைத்திருந்தது.

ஒரு மழை நாள்

அக்டோபர் மாதம், மதியம் 12.47-க்குக் கரண்ட் போய் 1.52-க்கு வந்தது. லேபின் மூன்றாம் வரிசைக்கான யு.பி.எஸ். பேட்டரி ஏற்கெனவே வீணாகியிருந்ததால் அந்த வரிசை முழுவதும் அணைந்தது. கரண்ட் வந்ததும் லேப் அசிஸ்டென்ட் எல்லாவற்றையும் போட்டுவிட்டார்.

பிற்பகல் கணித மாணவிகளுக்குப் புரோகிராமிங் பிராக்டிகல். நம் மாணவிக்குப் பதினேழாம் சிஸ்டம். நோட்டில் 3.10 முதல் 4.30 வரை என்று எழுதியிருந்தார். உண்மையில் 4.10-க்கே மேடம் விட்டுவிட்டார். மலைக்குப் போகிற பிள்ளைகள் அஸ்தம்பட்டியில் பஸ் பிடிக்க ஓடினார்கள். அதன் பிறகு 5.30 வரை லேப் இறுதியாண்டு புராஜெக்ட் வேலைக்காகத் திறந்திருந்தது. அந்த நேரத்தில் வந்தவர்கள் நோட்டில் எழுதவே இல்லை. எங்கள் லேப்தானே என்று விட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை ஃபோல்டர் இல்லை. அடுத்த நாள் ரிவ்யூ. அந்த அணியில் நான்கு பேர், நான்கு பேரும் அழுதார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது; அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது.

லேப் அசிஸ்டென்ட் ஒவ்வொரு சிஸ்டமாகப் போய் அண்மையில் திறந்த ஃபைல்களின் பட்டியலைப் பார்த்தார். அந்த அணி வழக்கமாக உட்காராத சிஸ்டங்களில், பதினேழில் மட்டும் அந்த ஃபோல்டரின் பெயர் இருந்தது. நேரம் 4.02. நோட்டில் அந்த நேரத்துக்கு எதிரே இருந்தது ஒரே பெயர். அவ்வளவுதான், முடிவு கட்டிவிட்டார்கள்.

முதல் விசாரணை

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தவறு பெரும்பாலும் இங்கேதான் நடந்தது.

மாணவியை வகுப்பிலிருந்து எழுப்பி எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) அறைக்கு அழைத்துப் போனார்கள். எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. என்ன ஆதாரம் என்று காட்டவில்லை. "பதினேழுல நீதானே இருந்தே?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். போனை வாங்கி, லாக்கை எடுக்கச் சொல்லி, வாட்ஸ்அப்பை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்கள். பதினேழில் அவருடைய ஜிமெயில் லாகின் ஆனபடியே கிடந்தது. அதையும் திறந்து படித்தார்கள். உதவித்தொகை விவரம், தமிழக அரசின் 'நான் முதல்வன்' பயிற்சிக்கான பதிவு, அண்ணனுக்கு அனுப்பிய ஒரு சொந்தக் கடிதம் என்று எல்லாம் அதில் இருந்தன. ஃபோல்டர் அழிந்ததோடு தொடர்புள்ள ஒரு வரிகூட இல்லை.

அப்புறம் மன்னிப்புக் கடிதம். "எழுதிக் கொடுத்துட்டா இதோட முடிஞ்சிரும், இல்லேன்னா சைபர் கிரைமுக்குப் போகும்" என்று சொல்லப்பட்டது. பயந்துபோய், "இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்தார். மறுநாள் அதே கடிதம் ஒப்புதல் வாக்குமூலமாக ஃபைலில் ஏறியது. ஒரு மாத லேப் தடையும், பெற்றோரை அழைத்து வர உத்தரவும் அதன் மேல்தான் போடப்பட்டன. நம் கல்லூரிகளில் இந்த மன்னிப்புக் கடிதப் பழக்கம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. விசாரணைக்கு முன்னால் வாங்கும் மன்னிப்புக் கடிதத்தால் எதுவும் நிரூபணமாகாது. பயத்தில் ஒருவர் எழுதிய இரண்டு வரி, அவ்வளவுதான்.

அப்பா காபி எஸ்டேட்டில் கூலி வேலை செய்பவர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இறங்கி வந்தார். "எம்புள்ள அப்படிச் செய்யாதுங்க சார். செஞ்சிருந்தா எங்கிட்ட சொல்லியிருக்கும்" என்றார். அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளக்கூட அங்கே ஒரு தாள் இல்லை.

ஒரு மாதத் தடை என்பது கேட்பதற்குச் சின்னதாக இருக்கலாம். வீட்டில் கம்ப்யூட்டர் உள்ள பிள்ளைக்கு அது சின்னதுதான். இவர் வீட்டில் இல்லை. பிராக்டிகல் ரெக்கார்டு, இன்டர்னல் மார்க், ஆன்லைன் பயிற்சி எல்லாமே அந்த லேபை நம்பி இருந்தன. நாகலூர், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை என்று ஏற்காட்டு ஊர்களிலிருந்து கீழே வந்து படிக்கும் பிள்ளைகள் பலருக்கும் முழு விசைப்பலகையில் கைவைக்கும் இடம் கல்லூரி லேப் மட்டும்தான். அதைப் பூட்டினால் படிப்பில் ஒரு பகுதியையே பூட்டியதாகும்.

கடிகாரம்

மறுவிசாரணையில் நாங்கள் முதலில் கேட்டது, அந்த 4.02 என்பது யாருடைய கடிகாரம் என்பதைத்தான். மதர்போர்டில் சில்லறைக் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும், சி.ஆர். 2032. சிஸ்டம் அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். முழுக்கச் செத்துப்போனால் தேதி எங்கோ பழைய ஆண்டுக்குப் போய்விடும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். அரைகுறையாக இருந்தால்தான் ஆபத்து. கரண்ட் இருக்கும்வரை கடிகாரம் ஒழுங்காக ஓடும், போனதும் நின்றுவிடும், வந்ததும் நின்ற இடத்திலிருந்து தொடரும். தேதி சரியாகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

சிஸ்டத்தில் நடப்பவை பதிவாகும் இடமான விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்தோம். எதிர்பாராமல் அணைந்தால் அடுத்த முறை எழும்போது 6008 என்ற எண்ணில் ஒரு பதிவு விழும், முன்பு எப்போது அணைந்தது என்று சொல்லும். சிஸ்டம் எழும்போது இந்தப் பதிவுச் சேவையும் தொடங்கும், அதற்கு 6005. பதினாறிலும் பதினெட்டிலும் கதை ஒன்றுதான்: 12.47 வாக்கில் அணைந்தது, 1.53-க்கு எழுந்தது. பதினேழில் 12.47-க்கு அணைந்து 12.48-க்கே எழுந்ததாக இருந்தது. ஒரே வரிசை, ஒரே கரண்ட், ஒரே ஆள் போட்ட சுவிட்ச். பதினேழின் கடிகாரம் 1 மணி 5 நிமிடம் பின்தங்கியிருந்தது. நெட் வழியாக நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் வசதி அந்த சிஸ்டங்களில் வேலை செய்யாமலே கிடந்தது.

ஆக 4.02 என்று காட்டியது உண்மையில் மாலை 5.07. அந்த நேரத்தில் மாணவி கோரிமேடு, அடிவாரம் எல்லாம் தாண்டி மலைப்பாதைப் பஸ்ஸில் இருந்தார். கூடப் பயணம் செய்த இரண்டு பேர் அதை எழுதிக் கொடுத்தார்கள்.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. அண்மையில் திறந்தவை பட்டியல், திறந்ததை மட்டுமே காட்டும். அழித்ததை அது காட்டாது. 5.07-க்குப் பதினேழில் உட்கார்ந்து அந்த ஃபோல்டரைத் திறந்த ஆள்தான் அழித்தார் என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியாது. கேமரா பதிவையாவது பார்க்கலாம் என்றால், பழையதன் மேல் புதியது எழுதப்பட்டு அந்த நாள் போய்விட்டிருந்தது. ஃபைல்களை மீட்கவும் முயன்றார்கள். ஆனால் ஃபோல்டர் காணாமல் போனது தெரிந்த அன்றே அதே டிரைவில் பெரிய ஃபைல்களை ஏற்றியிருந்தார்கள், கிடைத்தது துண்டு துக்காணிதான். ஹார்ட் டிஸ்கில் எதுவும் அழிந்தது தெரிந்தால், முதல் வேலையாக அந்த டிஸ்கில் எழுதுவதை நிறுத்த வேண்டும். இதை லேபில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

கமிட்டியில் ஒருவர், "இந்தப் பொண்ணு அன்னிக்கே போன்ல லொகேஷன் காட்டியிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்குமே" என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. தான் எங்கெங்கே போனேன் என்று போனைத் திறந்து காட்டுவது மாணவியின் கடமை ஆகாது. குற்றம் சாட்டியவர்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆம் பிரிவு, உரியவரின் அனுமதியில்லாமல் கணினியில் உள்ள தகவலை அழிப்பதையும் மாற்றுவதையும் இழப்பீட்டுக்குரிய செயலாக வைக்கிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்தோடோ மோசடியாகவோ செய்தால் 66-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இன்னொருவர் பாஸ்வேர்டை அதே மாதிரி நோக்கத்தோடு பயன்படுத்தினால் 66சி. மாணவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நண்பன் லாகினில் போய் ஒரு ஃபைலை அழிப்பதும் இந்தப் பிரிவுகளின் எல்லைக்குள் வரக்கூடியதே. அதே சட்டத்தின் 78-ஆம் பிரிவு, இத்தகைய குற்றங்களை இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத போலீஸ் அதிகாரிதான் புலனாய்வு செய்யலாம் என்கிறது. எச்.ஓ.டி. அறையில் போனைப் பிடுங்கிப் பார்ப்பது இதில் எந்த இடத்திலும் இல்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். லேப் கல்லூரியுடையது, அதனால் லேபில் நடக்கும் எதையும் கல்லூரி பார்க்கலாம் என்ற வாதத்தில் பாதிதான் சரி. எந்த சிஸ்டம் எப்போது நெட்வொர்க்கில் இருந்தது, எவ்வளவு டேட்டா போனது, எந்த மென்பொருள் ஏறியது என்பதையெல்லாம் கல்லூரி கண்காணிக்கலாம். முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கண்காணிக்க வேண்டும். ஒருவருடைய மெயில் திறந்து கிடந்தாலும் அது அவருடைய மெயில்தான். பார்த்தவர் செய்ய வேண்டியது லாக்அவுட் செய்வது மட்டுமே.

இணைய வசதி பற்றி, கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் ஃபஹீமா ஷிரின் வழக்கில் சொன்னது இங்கே உதவும். கல்லூரி விடுதியில் போன் பயன்படுத்தத் தடை போட்டதை எதிர்த்த மாணவியின் வழக்கு அது. இணையத்தை அணுகுவது கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக்காட்டலாம். நாங்கள் எடுத்துக்காட்டினோம்.

எங்களுக்கு அதிகம் உதவியது பல்கலைக்கழக மானியக் குழுவின் மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகள், 2023. கல்லூரிகளில் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், அதில் மாணவர் பிரதிநிதி ஒருவர் சிறப்பு அழைப்பாளராக இருக்க வேண்டும், புகார் வந்த 15 வேலை நாட்களுக்குள் குழு அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் மாணவர் குறைதீர்ப்பு அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். இந்தக் கல்லூரியிலும் அப்படி ஒரு குழு இருந்தது. பெயர்ப்பலகையும் இருந்தது. மாணவிக்கு அது தெரியாது, டியூட்டர் சொல்லித்தான் தெரிந்தது. லேப் வாசலில் "செருப்பைக் கழற்றவும்" என்று ஒட்டுகிற இடத்திலேயே இதையும் ஒட்டியிருக்கலாம்.

கடிகாரத்துக்கும் ஒரு உத்தரவு இருக்கிறது. இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, அரசு அமைப்புகளும் நிறுவனங்களும் தங்கள் கணினிகளின் நேரத்தைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சர்வரோடு பொருத்த வேண்டும், லாக் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. ஒரு கல்லூரி லேப் அந்த வரையறைக்குள் வருமா வராதா என்று வாதாடலாம். ஆனால் நேரம் தப்பாக இருந்தால் பதிவுக்கு மதிப்பே இல்லை என்ற காரணம் எல்லா லேபுக்கும் பொருந்தும். பதினேழுக்குத் தேவைப்பட்டது ஐம்பது ரூபாய்கூட ஆகாத ஒரு பேட்டரி.

மாணவர்கள் பக்கம்

மாணவியிடமும் பிழை இருந்தது. 4.10-க்குப் போகிறவர் 4.30 என்று எழுதினார். மெயிலை லாக்அவுட் செய்யவில்லை. அதே பக்கத்தில் தோழி ஒருவருக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். இதை அவரிடம் சொன்னபோது மறுக்கவில்லை. பொய் நேரம் எழுதிய பக்கமே அவருக்கு எதிரான ஒரே சாட்சியாக மாறியது. நோட்டில் உண்மையான நேரத்தை எழுதுவதை மாணவர்கள் தங்கள் பாதுகாப்பாகப் பார்க்க வேண்டும். யாருக்காகவும் கையெழுத்துப் போடக் கூடாது, யாரையும் நமக்காகப் போடச் சொல்லவும் கூடாது. சிஸ்டத்தில் உட்கார்ந்ததும் மூலையில் நேரம் சரியா என்று ஒருமுறை பார்த்து, தப்பாக இருந்தால் லேப் அசிஸ்டென்ட் அண்ணாவிடம் சொல்லி நோட்டிலும் குறித்துவிட வேண்டும்.

இறுதியாண்டு அணிக்கும் பொறுப்பு இருந்தது. ஆறு வார வேலைக்கு ஒரே பிரதி வைப்பது, அதுவும் யார் வேண்டுமானாலும் அழிக்கக்கூடிய இடத்தில் வைப்பது. ஒருவரிடம் மூன்று வாரம் பழைய பிரதி பென் டிரைவில் இருந்ததால் பாதியாவது தப்பித்தது. 4.10-க்குப் பிறகு வந்த யாரும் நோட்டில் எழுதாததுதான் உண்மையைத் தேடும் வழியை அடைத்தது. மாணவியின் தவறான ஒரு வரியைவிட, எழுதப்படாத அந்த வரிகளே பெரிய சேதம் செய்தன.

பிறகு

அறிக்கை எழுதும்போது ஒரு சர்ச்சை வந்தது. "சந்தேகத்தின் பலன் மாணவிக்கு அளிக்கப்படுகிறது" என்று ஒருவர் வரைவு எழுதியிருந்தார். டியூட்டர் மேடம் விடவில்லை. அப்படி எழுதினால் அந்தப் பிள்ளை போகுமிடமெல்லாம் சந்தேகமும் கூடவே போகும் என்றார். அவர் சொன்னதுதான் சரி. கடைசியில், "மாணவிக்கு இதில் தொடர்பில்லை, பொறுப்பானவரைக் கண்டறிய இயலவில்லை" என்று எழுதப்பட்டது. மன்னிப்புக் கடிதம் ஃபைலிலிருந்து எடுத்து அவரிடமே கொடுக்கப்பட்டது. தடை நீங்கியது, தவறிய பிராக்டிகல்களுக்கு வேறு நாள் கொடுத்தார்கள். தங்கள் மகள் மேல் தவறில்லை என்று அப்பாவுக்குத் தமிழில் ஒரு கடிதம் போனது. அது மாணவி கேட்டுப் பெற்றது.

இறுதியாண்டு அணிக்கு ரிவ்யூவைத் தள்ளி வைத்தார்கள். லேபில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸும், ஃபைல்களை நெட்வொர்க்கில் பகிர உதவும் சாம்பா என்ற மென்பொருளும் போட்டு, பதிவு எண்ணையே யூசர்நேமாக வைத்துத் தனி லாகின் உருவாக்கினோம். மென்பொருளுக்குச் செலவில்லை. ஒவ்வொரு அணியின் ஃபோல்டரையும் அந்த அணியும் அதன் வழிகாட்டி ஆசிரியரும் மட்டுமே திறக்க முடியும். இரவில் தானாக ஒரு பிரதி வேறு டிஸ்குக்குப் போகும்.

தனி லாகின் முதலில் கணினித் துறைக்கு மட்டும்தான் கிடைத்தது. கணிதம், இயற்பியல், வணிகவியல் மாணவர்கள் பொது லாகினிலேயே தொடர்ந்தார்கள், அதாவது இந்த நிகழ்வில் மாட்டிய மாணவியின் துறையே வெளியே நின்றது. டியூட்டர் மீண்டும் எழுதினார், அடுத்த செமஸ்டரில் கணிதத்துக்கும் வந்தது. மற்ற இரண்டு துறைகளின் கோரிக்கை இன்னும் அலுவலகத்தில் இருக்கிறது. சம்பவத்துக்குப் பின் எல்லாருக்கும் மாலை 4 மணியோடு லேபை மூடிய உத்தரவும் அப்படியே நிற்கிறது. பஸ்ஸில் போகும் பிள்ளைகளுக்காக மதிய உணவு இடைவேளையில் லேபைத் திறந்து வைக்க மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு லேப் அசிஸ்டென்ட் இருக்க வேண்டும், அதற்கான பணியிடம் கேட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் போயிருக்கிறது.